சொந்தத்தில் கல்யாணம், குடும்பத்தில் தலசீமியா: கருத்தரிக்கும் முன் என்ன சத்து மாத்திரை எடுக்கலாம்?

நீங்கள் எழுதியதிலிருந்து: தாய்மாமன் மகனைக் கட்டியிருக்கிறீர்கள். அவருடைய அக்கா மகனுக்குத் தலசீமியா மேஜர் (பரம்பரையாக வரும் ரத்த நோயின் கடுமையான வகை). உங்கள் அக்காவின் முதல் குழந்தை முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தது. ஆறு மாதத்தில் குழந்தைக்குத் திட்டம்.

இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். முதுகுத்தண்டு பிளவைப் பெருமளவு மாத்திரையால் தடுக்கலாம். தலசீமியா மாத்திரைக்கோ கீரைக்கோ கட்டுப்படாது; அதற்கு ரத்தப் பரிசோதனைதான்.

கருவின் நரம்புக்குழாய் (மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய்) கருத்தரித்த 28 நாளில் மூடிவிடும்; அது சரியாக மூடாவிட்டால்தான் முதுகுத்தண்டு பிளவு. நாள் தள்ளிப்போய், கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் பார்த்து, டாக்டரிடம் போவதற்குள் அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே ஃபோலிக் அமிலத்தை முன்பே தொடங்க வேண்டும். பொதுவான அளவு தினம் 400 மைக்ரோகிராம். ஏற்கெனவே இந்தக் குறையுள்ள குழந்தையைச் சுமந்தவர்களுக்கு 4 மி.கி.; 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இந்த அளவு, மறுபடி வருவதை 72 சதவீதம் குறைத்தது. நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மி.கி. அக்கா குழந்தையின் விவரத்தை டாக்டரிடம் சொல்லுங்கள்; பல டாக்டர்கள் இந்த 5 மி.கி.யையே, கருத்தரிப்பதற்கு மூன்று மாதம் முன்பிருந்து கர்ப்பத்தின் 12-வது வாரம் வரை எழுதுவார்கள். அதற்கு முன் பி12 பார்த்துவிடுங்கள், அதிக ஃபோலிக் அமிலம் பி12 குறைவின் ரத்தசோகையை மறைத்துவிடும். அளவை எட்ட மல்டிவைட்டமினை நாலைந்தாக விழுங்காதீர்கள். அதிலுள்ள வைட்டமின் ஏ (ரெட்டினால்) நாளுக்கு 10,000 யூனிட்டைத் தாண்டினால் கருவுக்கே ஊனம் வரலாம். மீன் ஈரல் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை.

இனி தலசீமியா. பையனுக்கு மேஜர் என்றால் அவன் அம்மா கண்டிப்பாகக் கடத்தி (நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்). அவர் தம்பியான உங்கள் கணவரும் கடத்தியாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அந்த மரபணு உங்கள் மாமா வழியாக வந்திருந்தால் உங்கள் அம்மாவிடமும் இருக்கலாம், உங்களிடமும் இருக்கலாம். இருவரும் கடத்தி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் வர நான்கில் ஒரு பங்கு அபாயம்.

இருவரும் ஒரே நாளில் முழு ரத்த எண்ணிக்கைக்கும் ஹெச்.பி.எல்.சி-க்கும் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) ரத்தம் கொடுங்கள். எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழ், ஹெச்.பி.ஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 3.5 சதவீதத்துக்கு மேல் என்றால் கடத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரும்புச்சத்துக் குறைவு ஹெச்.பி.ஏ2-வை இறக்கிவிடும், ஃபெரிட்டினும் (உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பின் அளவு) சேர்த்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் முடிவை நம்ப முடியாது. ஃபெரிட்டின் சரியாக இருந்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று யாராவது இரும்பு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் தடுத்து நிறுத்துங்கள். இருவருக்கும் இருந்தால் மரபணு ஆலோசனை. 11-வது வாரத்திலிருந்து கருவிலேயே பார்க்க முடியும்.

சாப்பாட்டைப் பற்றி, நம் குமரி மாவட்டத்துக்கென்று ஒன்று. மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) உள்ள சயனைடு உடம்பில் தயோசயனேட்டாகி, தைராய்டுக்குப் போகும் அயோடினைத் தடுக்கும். அயோடின் கலக்காத புத்தளம் கல் உப்பும் மரச்சீனியும் மட்டுமே என்றால் அயோடின் குறையும். பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்றிருக்கும் உப்பு வாங்குங்கள். மரச்சீனியை நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுங்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள சாளை மீன் இருக்கட்டும், சுறா வேண்டாம். பெரிய மீனில் பாதரசம் அதிகம்.