ஸ்கிரீன் லாக் ஆனதும் லொகேஷன் நின்னு போற பிரச்சனை

நண்பா, உங்க ஆண்ட்ராய்டு ட்ராக்கிங் ஆப்ல 5 செகண்டுக்கு ஒரு தடவை லொகேஷன் வரணும்னு இன்டர்வல் கொடுத்தும் ஸ்கிரீன் அணைஞ்சா அப்டேட் எப்பவாவது தான் வருது, மேப்ல பாயின்ட் ரோட்டை விட்டுத் தள்ளி விழுதுன்னு சொல்லியிருக்கீங்க, இது ரெண்டும் வேற வேற பிரச்சனை.

முதலாவதுக்கு உங்க கோடு காரணம் இல்ல. ஆண்ட்ராய்டு 8-ல இருந்தே பேக்கிரவுண்ட்ல இருக்கிற ஆப்புக்கு ஒரு மணி நேரத்துல சில தடவை தான் லொகேஷன் கிடைக்கும், நீங்க 1 செகண்ட் கேட்டாலும் அதே கதி தான். அதனால யூசர் ட்ராக்கிங் ஸ்டார்ட் பண்றப்ப, ஆப் திறந்திருக்கும்போதே, நோட்டிஃபிகேஷனோட ஒரு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் (யூசருக்குத் தெரியற மாதிரி தொடர்ந்து ஓடுற வேலை) ஆரம்பிச்சு அப்டேட்டை அதுக்குள்ள வாங்குங்க. மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட விவரம், பெர்மிஷன் எல்லாம் எழுதுற ஃபைல்) சர்வீஸ் டைப் லொகேஷன்னு போடணும், ஆண்ட்ராய்டு 14-ஐ டார்கெட் பண்ணா அதுக்குன்னு தனி பெர்மிஷனும் வேணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க, விட்டா சர்வீஸ் ஸ்டார்ட் ஆகும்போதே ஆப் க்ராஷ் ஆகும்.

பாயின்ட் தள்ளி விழுறதுக்கு, லொகேஷன் கேக்குற இடத்துல ப்ரையாரிட்டி ஹை அக்யூரசில (அதிகத் துல்லியம்) இருக்கான்னு பாருங்க. ஆண்ட்ராய்டு 12-ல இருந்து யூசர் தோராயமான லொகேஷன் மட்டும் கொடுக்கலாம், அப்படிக் கொடுத்திருந்தா நீங்க என்ன செஞ்சாலும் துல்லியம் வராது, அதை முதல்ல செக் பண்ணுங்க. அப்புறம் வர்ற ஒவ்வொரு லொகேஷன்லயும் அக்யூரசி, அதாவது எவ்வளவு தள்ளியிருக்கலாம்ங்கிற வட்டத்தோட ஆரம், மீட்டர்ல இருக்கும், அது 20 மீட்டர்னா உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள்ள இருக்க 68 சதவீத வாய்ப்புன்னு தான் அர்த்தம், மூணுல ஒண்ணு வெளியவே விழலாம். அக்யூரசி 30, 40 மீட்டருக்கு மேல வர்றதைத் தூக்கிப் போட்டுடுங்க, டைம்ஸ்டாம்ப் (லொகேஷன் எடுத்த நேரம்) பழசா இருந்தாலும் வேண்டாம்.

இன்டர்வலை இன்னும் குறைக்காதீங்க, பேட்டரி தான் போகும். இதுக்கப்புறமும் நின்னா போனோட பேட்டரி சேவர் செட்டிங்கைப் பாருங்க, ஆப் ஓடும்போது பதிவாகுற லாக்கையும் (log) இங்க போடுங்க பாக்கலாம்.