வாரம் 20 மணி நேர வேலையை நம்பிக் காணியை ஈடு வைக்காதீர்கள்

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் 19 வயது மகனோடு வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்த பிள்ளை. லண்டனில் இருக்கும் சித்தப்பா ஒரு தனியார் கல்லூரியில் இடம் பார்த்திருக்கிறார். ஒரு வருட அடிப்படைப் படிப்பு, அதன்பின் வணிக முகாமைத்துவத்தில் பட்டம். காணியை ஈடு வைத்து முதல் வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டால், மிச்சத்தைப் பிள்ளை பகுதிநேரமாக உழைத்துக் கட்டிவிடுவான் என்பது சித்தப்பாவின் திட்டம். "கட்டிவிடுவான்தானே?" என்று தாய் கேட்டார்.

"யோசிக்காதீர்கள் அம்மா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன். கணக்கைப் போட்டதும் ஆறுதல் சொல்ல இடமிருக்கவில்லை. கட்ட முடியாது.

பிரித்தானிய மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது பட்டப்படிப்புக்கு உரிய விதி. பட்டத்துக்குக் கீழான படிப்பென்றால் 10 மணி நேரம் மட்டுமே. சில தனியார் கல்லூரிகளின் மாணவர்களுக்கு வேலை உரிமையே கிடையாது. ஆகவே முதல் வருடத்தில் வருமானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பட்டப்படிப்பு தொடங்கிய பிறகும், 18 முதல் 20 வயது வரையானவர்களின் குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 10.85 பவுண்தான். வாரம் 217, மாதம் ஏறக்குறைய 940 பவுண். லண்டனில் ஒரு மாணவரின் மாதச் செலவுக்கு 1,529 பவுண் காட்ட வேண்டும் என்று விசா விதியே சொல்கிறது. சித்தப்பா வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கல்விக் கட்டணத்தை அந்த மிச்சத்தால் கட்ட முடியாது.

தகப்பன் அப்போது மெல்லச் சொன்னார்: "எங்கள் ஆட்களின் கடைகளில் கையில் காசாகக் கொடுப்பார்களாம்." இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அனுமதித்த மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வது விசா மீறல். பிடிபட்டால் விசாவும் படிப்பும் போகும், ஈட்டுக் கடன் மட்டும் இங்கே நிற்கும். உணவு விநியோகிக்கும் வேலையும் உதவாது, மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. பட்டம் பெற்றபின் தங்கி வேலை தேடும் விசாவையும் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள்.

கனடாவையும் அவுஸ்திரேலியாவையும் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், அவற்றை விடுகிறேன்.

அதுவரை தம்பி வாய் திறக்கவில்லை. விடுமுறையில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சல்லியில் மாமாவின் பைபர் படகு இருக்கிறதாம். அவுட்போர்ட் எஞ்சின் திணறினால் காபரேட்டரைக் கழற்றி, ஜெட்டில் அடைத்திருக்கும் அழுக்கை மெல்லிய கம்பியால் குத்தி எடுத்து, திரும்பப் பூட்டி, சத்தத்தை வைத்தே காற்றும் எரிபொருளும் சரியாகச் சேர்கின்றனவா என்று கண்டுபிடிப்பேன் என்றான். கைகளால் செய்து காட்டியபடி பத்து நிமிடம் பேசினான். இந்தப் பிள்ளையை எதற்காக வணிக முகாமைத்துவத்துக்கு அனுப்புகிறீர்கள்?

இவனைப் போன்றவர்களுக்கு ஜேர்மனியில் 'அவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சி இருக்கிறது. நம் பக்கத்தில் அதைக் கேட்பாரில்லை. முதலில் ஒரு நிறுவனத்தோடு பயிற்சி ஒப்பந்தம் செய்ய வேண்டும், அதன் பேரில்தான் விசா. வாரத்தில் ஓரிரு நாள் அரச தொழிற்பாடசாலை, மற்ற நாட்களில் பட்டறை. சில இடங்களில் பாடசாலையைத் தொடர்ச்சியாகச் சில வாரங்கள் வைப்பார்கள். கல்விக் கட்டணம் இல்லை, நிறுவனம் மாதச் சம்பளம் கொடுக்கும். 2026இல் தொடங்குபவர்களுக்குச் சட்டப்படி முதல் வருடக் குறைந்தபட்சம் மாதம் 724 யூரோ. அது வருடா வருடம் உயரும், தொழிற்சங்கத்தோடு கூட்டுச் சம்பள ஒப்பந்தம் உள்ள பெரிய நிறுவனங்கள் பல 1,000 யூரோவுக்கு மேல் தருகின்றன. வாழ்க்கைச் செலவுக்குச் சம்பளம் போதாவிட்டால் மீதியை வங்கிக் கணக்கில் காட்டச் சொல்வார்கள், ஆகவே ஒப்பந்தத் தொகையைப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பயிற்சிக்கு வெளியே வாரம் 20 மணி நேரம் வேறு வேலை செய்யவும் அனுமதி உண்டு.

வாகன மெக்கட்ரோனிக்ஸ் (வாகனத்தின் இயந்திரப் பாகங்களையும் மின்னணுப் பாகங்களையும் பழுதுபார்ப்பது), தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பு போன்ற துறைகளுக்கு மூன்றரை வருடம். தகுதிகாண் காலம் அதிகபட்சம் நான்கு மாதம், அதற்குப் பின் தகுந்த காரணமின்றி நிறுவனம் வெளியேற்ற முடியாது. தன் தவறில்லாமல் இடம் பறிபோனால் வேறு இடம் தேட ஆறு மாதம் வரை அவகாசம் தருகிறார்கள். செய்த வேலையைப் பயிற்சிக் குறிப்பேட்டில் ஜேர்மன் மொழியில் எழுதிக் காட்ட வேண்டும், முடிவில் தொழில் வர்த்தக சபையோ கைவினைஞர் சபையோ பரீட்சை வைக்கும். சித்தியடைந்து திறனுள்ள பணியாளராக இரண்டு வருடம் வேலை செய்தவர், ஓய்வூதியப் பங்களிப்பு போன்ற நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

"மெக்கானிக் வேலைக்கா ஜேர்மனி?" என்று உறவினர் கேட்பார்கள். கேட்கட்டும். பயிற்சிக்குப் பின் அனுபவம் பெற்று 'மைஸ்டர்' என்ற தலைமைக் கைவினைஞர் பரீட்சையில் சித்தியடைந்தால், தகுதிகளை மட்டங்களாக வரிசைப்படுத்தும் ஜேர்மன் தகுதிச் சட்டகத்தில் அது இளமாணிப் பட்டத்தின் அதே ஆறாம் மட்டம்.

இதில் கடினமானது மொழி. பொதுவாக ஜேர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை மட்டம் வேண்டும், ஒழுங்காகப் படித்தால் ஏறக்குறைய ஒரு வருடம். பரீட்சையைக் கொழும்பில் உள்ள கோதே நிறுவனத்தில் எழுதலாம். மொழி வகுப்புக்கும் பரீட்சைக்கும் தாராளமாகச் செலவழியுங்கள். பயிற்சி ஒப்பந்தம் எடுத்துத் தருகிறேன் என்று இலட்சக்கணக்கில் கேட்கும் முகவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இடங்களை ஜேர்மன் அரசின் 'மேக் இட் இன் ஜேர்மனி' தளத்திலும் அங்குள்ள வேலைவாய்ப்பு முகமையின் தளத்திலும் இலவசமாகத் தேடலாம். விண்ணப்பக் கடிதத்தைத் தம்பியே எழுதட்டும், காபரேட்டர் கதையையும் சேர்த்து.

பெரும்பாலான பயிற்சிகள் ஓகஸ்ட், செப்டெம்பரில் தொடங்குகின்றன, முந்தைய வருடமே விண்ணப்பிக்க வேண்டும். இந்த மாதமே ஏ1 என்ற தொடக்க நிலை மொழி வகுப்பில் சேருங்கள். மூன்று மாதம் கழித்து மொழி பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால், வற்புறுத்தாமல் என்னிடம் திரும்ப அழைத்து வாருங்கள்.