லேபர் ரூமுக்குப் போகுமுன் பழக வேண்டிய மூச்சு: ஹிப்னோபேர்த்திங் கேள்வி-பதில்

கர்ப்பிணித் தாய்மார் வகுப்பில் ஹிப்னோபேர்த்திங், அதாவது மூச்சாலும் மனத்தை ஆறுதல்படுத்தியும் பயத்தைக் குறைத்துப் பிரசவத்துக்குப் பழகும் முறை, பற்றிக் கொஞ்சம் சொல்லப்போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

மிஸ், இது ஹிப்னாடிசம்தானே? சுயநினைவு இல்லாமல் போய்விடுமா? எங்கள் மார்க்கத்தில் கூடுமா என்று உம்மா கேட்கிறா. (கிண்ணியா)

மேடையில் ஒருவர் சொல்ல, மற்றவர் கோழி மாதிரிக் கொக்கரிக்கிற வித்தைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழு நினைவோடு இருப்பீர்கள். யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பதில் சொல்வீர்கள். நிலாவெளி பஸ்ஸில் யன்னலோரம் இருந்து யோசனையில் மூழ்கி, இறங்க வேண்டிய ஹோல்ட்டைத் தவறவிட்டிருப்பீர்களே, அந்த நிலைதான். பஸ்ஸில் அது தானாக வருகிறது. இங்கே மூச்சாலும் சொற்களாலும் வேண்டிய நேரத்துக்கு வரவழைக்கப் பழகுகிறோம்.

மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை, அதை மௌலவியிடம் கேளுங்கள். என்னால் சொல்லக்கூடியது, இதில் மந்திரமோ வழிபாடோ எதுவும் இல்லை. மனம் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதை நீங்களே தெரிவு செய்யலாம். என் வகுப்பில் ஒருவர் திக்ர் சொல்லியபடி மூச்சு விடுவார், ஒருவர் தேவாரம், இன்னொருவர் செபமாலை. வெளிமூச்சு நீளமாகப் போகிறதா என்பதை மட்டும்தான் நான் பார்ப்பேன்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து சிரித்துக்கொண்டே பிள்ளை பெறுகிறா. வலியே இல்லையாம். உண்மையா? (உவர்மலை)

சிலருக்கு அப்படி நடக்கிறது. அதைக் காட்டி உங்களுக்கும் வலிக்காது என்று வாக்குத் தருபவரிடம் கவனமாக இருங்கள். தொட்டியையும் நம் வைத்தியசாலைகளில் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த யோசனையின் வேர் பழையது. கிராண்ட்லி டிக்-ரீட் என்ற இங்கிலாந்து மகப்பேற்று வைத்தியர் 1930களிலேயே சொன்னார்: பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் கூடும். பயத்தில் அட்ரினலின் சுரக்கும். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஒக்ஸிடோசினுக்கு அது தடை. அதனால்தான் வீட்டில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த குத்து (விட்டுவிட்டு வரும் பிரசவ வலி), வாட்டுக்குள் கால் வைத்ததும் சிலருக்குக் குறைந்துவிடுகிறது. ஆறுதலாக இருந்தால், வலியைத் தணிக்க உடம்பே சுரக்கிற எண்டோர்பினுக்கும் வழி கிடைக்கும். 1980களின் இறுதியில் மேரி மோங்கன் என்ற அமெரிக்கப் பெண்மணி இதையெல்லாம் சேர்த்து வகுப்பாக்கினார். இன்று உலகம் முழுக்க நடப்பது அதுவும் அதன் கிளைகளும்தான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஏறக்குறைய 3,000 பெண்களை உள்ளடக்கிய 9 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற கொக்ரேன் அமைப்பு 2016இல் ஒன்றாக எடுத்துப் பார்த்தது. ஹிப்னாஸிஸ் பழகியவர்கள் மொத்தத்தில் வலி மருந்தைக் கொஞ்சம் குறைவாக எடுத்திருக்கலாம் என்றார்கள். எப்பிடியூரல் (முதுகில் போடுகிற வலி மறுப்பு ஊசி) எடுப்பதிலும் சுகப்பிரசவத்திலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. 2015இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு முதற்பிள்ளைக்காரர் 680 பேரை எடுத்தது. அதிலும் எப்பிடியூரல் குறையவில்லை. ஆனால் பழகியவர்கள், தாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பயமும் பதற்றமும் குறைவாக இருந்தது என்று பிள்ளை பிறந்தபிறகு சொன்னார்கள்.

இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் நான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வலி தாங்க முடியாமல் பெத்தடின் ஊசி கேட்டால் நீங்கள் தோற்றதாக அர்த்தமில்லை. கேளுங்கள்.

எனக்கு ஏழு மாதம். எப்போது தொடங்குவது, என்ன செய்வது? (தம்பலகாமம்)

இன்றிரவே தொடங்குங்கள். படுக்கப் போகும்போது பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஆனால் ஒவ்வொரு நாளும் வேண்டும். குத்து வந்தபிறகு புதிதாக எதையும் கற்க முடியாது. உடம்புக்கு ஏற்கெனவே பழகினதுதான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

இடது பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் படுங்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்க வேண்டாம், தூங்கவும் வேண்டாம். மூக்கால் நாலு எண்ணும்வரை மூச்சை எடுங்கள், வயிறு மேலே எழும்ப வேண்டும். வாயால் எட்டு எண்ணும்வரை விடுங்கள், சுடச்சுடப் பிளேன்ரீயை ஊதி ஆற்றுகிற அளவுக்கு மெல்ல. எட்டு கஷ்டமென்றால் ஆறு. எண்ணிக்கையைவிட, உள்ளே எடுப்பதிலும் வெளியே விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். விரல் நுனி விறைத்தாலோ தலை சுற்றினாலோ மிக வேகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், நிதானியுங்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு மூச்சுக்கு நாலும் எட்டும் பன்னிரண்டு விநாடி. நல்ல குத்து ஒன்று ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு நிமிடம். அப்படியென்றால் ஐந்து மூச்சு. மூன்றாவது மூச்சில் உச்சம், ஐந்தாவதில் அது போய்விடும், அடுத்த குத்து வரும்வரை ஓய்வு. "இன்னும் எத்தனை மணித்தியாலமோ" என்று யோசிக்கிற பெண்ணையும் "இன்னும் இரண்டு மூச்சு" என்று யோசிக்கிற பெண்ணையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

வெறும் மூச்சுப் பழகி அலுத்துவிட்டால் ஒரு ஐஸ் கட்டியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ளுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இதற்கு யாரும் மறுப்புச் சொல்வதில்லை! முதல் மூச்சில் குளிர்ச்சி, இரண்டாவது மூன்றாவதில் கடுக்கும், கையை உதறத் தோன்றும். அந்த நேரம் தாடையைக் கவனியுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். நாக்கின் நுனியை மேல் பல்லுக்குப் பின்னால் வைத்தால் தாடை தானாக இளகும். தோளை இறக்குங்கள், மற்றக் கையின் விரல்களை விரியுங்கள். ஐந்து மூச்சு முடிந்ததும் கட்டியைப் போட்டுவிடலாம். அடுத்த நாள் மற்றக் கை. ஐஸால் வருவது பிரசவ வலி இல்லைதான். ஆனால் வலிக்கிற நேரத்தில் இறுகாமல் இருக்க இது பழக்கும்.

கடைசிக் கட்டத்துக்கு வேறு மூச்சு. முக்கத் தோன்றும்போது மூச்சைக் கீழ்நோக்கி விட்டபடி முக்குங்கள். பிள்ளையின் தலை வெளியே வருகிற நேரத்தில் பிரசவம் பார்க்கிற மிஸ் "முக்காதே" என்றால், வாயைத் திறந்து குட்டிக் குட்டி மூச்சாக விடுங்கள். கிழிசல் குறைய அது உதவும். அந்த நேரத்தில் காதில் கேட்கிற பயிற்சி ஒலிப்பதிவு சொல்வதைவிட அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பார்க்க வருகிற எல்லோரும் தங்கள் பிள்ளைப்பேற்றுக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். (பெரியகடை)

"பிள்ளை பிறந்தபிறகு ஆறுதலாகக் கேட்கிறேன் மாமி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்புங்கள்.

கணவர் கத்தாரில். மாமிதான் கூட வருவா, அவவுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. (உப்புவெளி)

மாமிக்கு நம்பிக்கை தேவையில்லை, கை இருந்தால் போதும். குத்து வரும்போது நாரிக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற தட்டையான எலும்பில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தச் சொல்லுங்கள். தடவல் வேண்டாம், நல்ல அழுத்தம். எட்டு மாதத்தில் ஒருமுறை வீட்டில் செய்து பாருங்கள். தன் கையால் உங்களுக்குச் சுகம் கிடைப்பதைக் கண்டால் மாமியே கட்சி மாறிவிடுவார்.

பக்கத்தில் ஒருவர் தொடர்ந்து இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியன் தேவையும் குறைகிறது. இதற்கான சான்று ஹிப்னாஸிஸுக்கு இருப்பதைவிடப் பலமானது. உலக சுகாதார நிறுவனமும் பெண் விரும்புகிற ஒருவர் கூட இருக்க வேண்டும் என்கிறது. கட்டில்கள் அருகருகே இருக்கிற அரச வைத்தியசாலைகளில் பெரும்பாலும் பெண் ஒருவரையே விடுவார்கள். நீங்கள் போகிற இடத்து வழக்கத்தைக் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள், அன்றைக்கு வாசலில் நின்று வாதாட முடியாது.

கணவரிடம் ஒரு வேலை கொடுங்கள். "தோளை இறக்கு, மூச்சை விடு, நல்லாச் செய்கிறாய்" என்று ஐந்து நிமிடம் பேசிப் போனில் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு இரவும் அதைக் கேட்டே பழகுங்கள். காசு கொடுத்து வாங்குகிற எந்தக் குரலையும்விட அது வேலை செய்யும்.

வாட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் கத்துவார்களாம். அதற்குள் எப்படி அமைதியாக இருப்பது? (சாம்பல்தீவு)

வெளியே அமைதி இருக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். வீட்டிலும் ரீவி ஓடும்போது, பிள்ளைகள் விளையாடும்போது பழகுங்கள். ஒரு சால்வையைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். இயர்போனை அனுமதித்தால் ஒரு காதில் மட்டும் போடுங்கள், மற்றக் காது மிஸ்ஸுக்கு. "கொஞ்சம் நடக்கட்டுமா, சரிந்து படுக்கட்டுமா" என்று தன்மையாகக் கேளுங்கள். அவசரம் ஒன்றும் இல்லாவிட்டால் அநேகமாக விடுவார்கள்.

கத்த வந்தால் கத்துங்கள். வாயை மூடி "ம்ம்ம்" என்று அடித்தொண்டையில் முனகினால் இன்னும் நல்லது, வெளிமூச்சு தானாக நீளும். இன்னொன்று: கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து "மூன்று சென்ரிமீற்றர்தான்" என்றதும் பலர் மனமுடைந்து போகிறார்கள். ஐந்து சென்ரிமீற்றர் வரை மெல்லத்தான் போகும், அதற்குப் பிறகே வேகம் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டியும் அந்த ஐந்தில் இருந்துதான் தீவிரக் கட்டத்தைக் கணக்கெடுக்கிறது.

லண்டனில் இருக்கிற அக்கா ஒரு ஒன்லைன் வகுப்புக்குக் காசு கட்டித் தருகிறேன் என்கிறா. எடுக்கட்டுமா? (திருகோணமலை நகர்)

அக்காவின் காசு, அக்காவின் ஆசை. எடுத்தால் கெடுதல் இல்லை, எடுக்காவிட்டால் நட்டமும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஒலிப்பதிவுகளில் பாதி கடலலைச் சத்தத்தில் தொடங்கி, கரையில் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொல்லும். 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட நம் கரையோர வீடுகளில் எல்லோருக்கும் அது ஆறுதல் தராது. கண்ணை மூடி அலையைக் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது என்றால் உங்களில் பிழையில்லை, பதிவை மாற்றுங்கள். அம்மம்மா வீட்டுக் கிணற்றடி, வயல் வரம்பு, கோட்டைக்குள் மான்கள் படுத்திருக்கிற மரநிழல், எது மனதை இளக்குகிறதோ அது.

எனக்குச் சிசேரியன் என்று நாள் குறித்துவிட்டார்கள். இனிப் பழகி என்ன? (நிலாவெளி)

முதுகில் ஊசி போடும்போது அசையாமல் வளைந்து இருக்க வேண்டும். அங்கே இதே ஐந்து மூச்சு. பிறகு தையல் நோவோடு எழும்பி நடக்கும்போதும், முதல் பால் கொடுக்கும்போதும் இதே மூச்சு. பிள்ளையை உடனே நெஞ்சில் போட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

முதல் பிள்ளையின்போது நடந்தது இன்னும் கனவில் வருகிறது. இரண்டாவது என்றதும் கை நடுங்குகிறது. (கந்தளாய்)

உங்களை மூச்சுப் பயிற்சியோடு மட்டும் அனுப்ப மாட்டேன். மகப்பேற்று நிபுணரிடம் கனவையும் நடுக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் பிரசவத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள், இந்த முறை எப்படிப் பெறுவது என்று முன்பே பேசி முடிவெடுங்கள். மனநல வைத்தியரிடமும் அனுப்புவார்கள், அதில் வெட்கமில்லை. இரவில் தாங்க முடியாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். வலிப்பு நோயோ கடுமையான மனநோயோ முன்பு இருந்தவர்கள், வைத்தியரைக் கேட்காமல் ஹிப்னாஸிஸ் ஒலிப்பதிவுகளைத் தொடங்க வேண்டாம்.

மூதூரில் இருக்கிறோம். வீட்டில் மூச்சு விட்டபடி எவ்வளவு நேரம் இருக்கலாம்? (மூதூர்)

முதற்பிள்ளைக்காரருக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், ஒரு மணித்தியாலமாக இப்படி வந்தால் புறப்படலாம் என்பது பொதுக்கணக்கு. பக்கத்திலேயே வைத்தியசாலை இருப்பவர்களுக்கான கணக்கு அது. திருகோணமலைக்கு வரச் சொல்லியிருந்தால் நீங்கள் அதற்கு முன்பே கிளம்புங்கள். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால் இன்னும் முன்பே. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் எட்டு மாதத்திலேயே நேரத்தைப் பேசிவையுங்கள்.

சில விஷயங்களுக்குக் குத்தை எண்ணிக்கொண்டிருக்கவே கூடாது. பன்னீர்க்குடம் உடைந்தால், முக்கியமாகத் தண்ணீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால்; இரத்தம் போனால்; பிள்ளையின் அசைவு குறைந்தால்; கடும் தலையிடியோ கண் மங்கலோ வந்தால்; 37 வாரத்துக்கு முன்பே குத்து தொடங்கினால், உடனே புறப்படுங்கள். அசைவு குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி மூச்சு விடுவது அமைதி இல்லை, ஆபத்து. வாகனம் இல்லையென்றால் 1990, சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. கிளினிக் கொப்பியையும் அடையாள அட்டையையும் பைக்குள் இப்போதே வைத்துவிடுங்கள்.