மூலைக் கடைவீடு: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சமீபத்தில் சிங்கப்பூர் போயிருந்தேன். லிட்டில் இந்தியாவில், கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளைச் சுற்றிக் காட்டினார்கள். வாசல் அகலத்துக்கு வரி போட்டதால்தான் இப்படி ஒடுக்கமாகக் கட்டினார்கள் என்றார் வழிகாட்டி. அது உண்மையா? முகப்பில் பளீரென்று வண்ணம் அடித்திருப்பதைத் தவிர இவற்றில் பார்க்க என்ன இருக்கிறது?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

வரிக் கதையைச் சொல்லாத வழிகாட்டி இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடைக்குள் போய் அண்ணாந்து பார்த்தால் காரணம் தலைக்கு மேலேயே இருக்கும். பக்கத்து வீட்டோடு பொதுவான செங்கல் சுவர் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நேராக மர உத்திரங்கள். நடுவில் தூண் கிடையாது. மரம் எட்டிய தூரம்தான் வீட்டின் அகலம். பெரும்பாலும் 20 அடிக்குள். அகலத்தில் கிடைக்காத இடத்தைப் பின்னால் நீட்டிப் பிடித்தார்கள். நீட்டினால் நடுவீடு இருட்டும். அதனால்தான் உள்ளே வானம் பார்த்த முற்றம்.

நீங்கள் பார்த்தது வரிசையின் நடுவில் உள்ள வீடுகளை என்று நினைக்கிறேன். அடுத்த முறை தெருமுனைக்குப் போங்கள். மூலை வீட்டுக்கு ஒரு பக்கத்தில் அண்டை வீடு இல்லை, தெருதான். அந்தச் சுவர் உத்திரங்களையும் தாங்க வேண்டும், ஜன்னலுக்கும் வழிவிட வேண்டும். மேல்மாடி ஜன்னலுக்கு நேர் கீழே கீழ்த்தளத் திறப்பு இருக்கும். சுமை இடையில் உள்ள செங்கல் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். கூரையும் தெருவோடு சேர்ந்து திரும்பும். கடையின் பலகைக் கதவுகளைக் கழற்றி வைத்தால் இரண்டு தெருவுக்கும் கடை திறந்துகொள்ளும். காப்பிக் கடைக்காரர்கள் மூலையை விடாமல் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை.

முன்னால் இருக்கும் ஐந்தடி நடைபாதையும் அங்கே இரண்டு பக்கமும் வளைந்து போகும். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிவைத்த ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த அறிவுறுத்தலிலேயே அது உண்டு: ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையோடு கூடிய, எப்போதும் திறந்திருக்கும் வழி. கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? சாமான்களைப் பரப்பினார்கள். 1888இல் நகராட்சி அதை அகற்றக் கிளம்பியதும் கடையடைப்பு, கலவரம் வரை போயிற்று. இன்றும் மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

சில வீடுகளில் மேல்மாடித் தரையில் சின்னச் சதுர மூடி இருக்கும், வாசலுக்கு நேர் மேலே. கதவைத் தட்டுவது யார் என்று மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்கி வரலாம். கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

சரி, வண்ணம். லிட்டில் இந்தியா வட்டாரம் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. நீங்கள் பார்த்த பளீர் நிறங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. முன்பு சுண்ணாம்பில் கொஞ்சம் நீலமோ காவியோ கலந்து அடித்தார்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரின் ஈரம் அதன் வழியாக வெளியேறிவிடும். இப்போதைய பிளாஸ்டிக் பெயின்ட் அதற்கு விடுவதில்லை. அடிச்சுவரில் கொப்புளமும் செதிலும் பார்த்தீர்களானால் பெரும்பாலும் அதுதான் காரணம்.