புதுக்கோட்டையிலிருந்து செட்டிநாடு, சைக்கிளில்: கேளுங்கள், சொல்கிறேன்

புதுக்கோட்டை, செட்டிநாட்டுப் பக்கம் சைக்கிளில் நிதானமாகச் சுற்றுவது பற்றி ஆளாளுக்குத் தனியாகக் கேட்கிறீர்கள். எல்லாரும் இங்கேயே கேளுங்கள், இன்று இரவு வரை இருப்பேன். வேகம், ரேஸ், ஒரே நாளில் இருநூறு கிலோமீட்டர் இதெல்லாம் வேண்டாம். அதில் எனக்கு ஆர்வமில்லை.

கேள்வி (திருச்சி): முதல் தடவை வருகிறேன், மூன்று நாள் லீவு. எந்த வழி நல்லது?

முதல் நாள் புதுக்கோட்டையில் தங்கி வடமேற்குப் பக்கம் போங்கள். நார்த்தாமலை, சித்தன்னவாசல், அன்னவாசல், முடிந்தால் குடுமியான்மலை. நார்த்தாமலையில் சைக்கிளை அடிவாரத்தில் ஆள் பார்க்கும் இடமாக விட்டுவிட்டு மேலமலைப் பாறையில் நடந்து ஏறினால் விஜயாலய சோழீச்சரம். மேற்கு பார்த்த கோயில், கருவறை உள்ளே வட்டமாக இருக்கும். அதை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடாதீர்கள், எதிரே பாறையைக் குடைந்த பெருமாள் குகையில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. சித்தன்னவாசலில் எல்லாரும் அறிவர் கோயிலின் தாமரைக்குளம் ஓவியத்தைப் பார்த்து போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டம் இருக்கிறது, சமண முனிவர்களின் கற்படுக்கைகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டோடு. அங்கே காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கால் வைக்க விடாது.

இரண்டாம் நாள் தெற்கே திருமயம், 20 கிலோமீட்டர். கோட்டை 1687இல் சேதுபதி கட்டியது. மேலே ஏறினால் சுற்றிலும் கண்மாய்களாகத் தெரியும், அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். கீழே ஒரே மலையின் அடிவாரத்தில் சிவனுக்கு ஒன்று, பெருமாளுக்கு ஒன்று என இரண்டு குடைவரைகள். அங்கிருந்து நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கிக் கடியாபட்டி, பிறகு கானாடுகாத்தான். மூன்றாம் நாள் ஆத்தங்குடி வழியாகக் காரைக்குடி. மலையேற்றம் எதுவும் கிடையாது, ஆனால் தட்டையான ஊர் என்றும் நினைக்காதீர்கள். கண்மாய்க் கரை ஏறும், வயலுக்கு இறங்கும், மறுபடி செம்மண் மேடு ஏறும். நாள் முழுக்க இப்படித்தான்.

முக்கியமாக ஒன்று: சீமைக்கருவேல நிழலில் சைக்கிளை நிறுத்தாதீர்கள். நிழலே இல்லையென்றாலும் வெயிலில் நிறுத்துங்கள்.

கேள்வி (சென்னை): எந்த மாதம் வரலாம்?

மார்கழி கடைசி, தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் மழை, செம்மண் பாதை சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். தையில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் புதுக்கோட்டையில் தொடங்கித் தெற்கே போனால் முதுகில் தள்ளும். ஆடியில் மேற்கே பார்த்து மிதித்தால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர் உங்களை முந்திவிடுவார்.

கேள்வி (பெங்களூரு): புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்கு நேராகப் போக எவ்வளவு நேரம்?

பைபாஸில் இரண்டு மணி நேரம். அதற்குப் பஸ்ஸிலேயே போகலாமே.

கேள்வி (சேலம்): என்னிடம் கியர் இல்லாத சாதா சைக்கிள்தான். சமாளிக்குமா, கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா?

சமாளிக்கும். வாங்க வேண்டாம். இந்த ஊர் மேடுகளில் ஏறி இறங்காத சாதா சைக்கிளா?

இடையில் கோயம்புத்தூர்க்காரர்: *"இது தப்பான வழிகாட்டல். 20 கிலோ இரும்பு வண்டி, மேலே லக்கேஜ், எதிர்க்காற்று. முட்டி போய்விடும். கியர் இல்லாமல் டூரிங் வரச் சொல்லாதீர்கள்."*

தம்பி, முட்டி போவது கியர் இல்லாததால் அல்ல, சீட்டைத் தாழ்வாக வைத்து மிதிப்பதால். மிதி அடியில் இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். பாதிப் பேர் இரண்டு காலும் தரையில் பதிகிற மாதிரி சீட்டை வைத்துக்கொண்டு வலிக்கிறது என்கிறார்கள்.

என் பழைய வண்டியில் செயின் ஓடும் பல்சக்கரம் முன்னால் 44 பல், பின்னால் 18. அதாவது மிதி ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் இருக்கும் ஃப்ரீவீலை 22 பல்லுக்கு மாற்றினால் சரியாக இரண்டு சுற்று. மிதி லேசாகும், மேட்டில் எழுந்து நின்று மிதிக்க வேண்டியதில்லை, இறக்கத்தில் வேகம் கொஞ்சம் குறையும், குறையட்டுமே. புது கியர் சைக்கிள் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

மறுபடி கோயம்புத்தூர்: *"அண்ணே, நீங்கள் பழகியவர். புதிதாக வருகிறவருக்கு மூன்று கியராவது வேண்டாமா? ஊட்டிப் பக்கம் வந்து பாருங்கள்."*

ஊட்டிக்குக் கியர் வேண்டும், யார் இல்லையென்றது? கேள்வி திருமயத்துக்கு. இங்கே கியர் மாற்றும் கம்பி அறுந்தால் காரைக்குடி வரைக்கும் ஆள் கிடையாது. செயின் கழன்றால் டீக்கடைக்காரரே மாட்டிக் கொடுப்பார்.

காரைக்குடிப் பெரியவர் ஒருவர்: *"நாங்கள் எல்லாம் டபுள்ஸ் வைத்து, முன்னால் ஒரு மூட்டையும் கட்டிக்கொண்டு இந்த ரோட்டில்தான் போனோம்."*

ஐயா, அதையும் சொல்லாதீர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிஜமாகவே கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சரி, கோயம்புத்தூர்த் தம்பி சொல்வதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் முட்டியில் ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர் என்றால் கியர் நல்லது. மற்றவர்கள் இருக்கிற வண்டிக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி (மதுரை): பஞ்சர் ஆனால் என்ன செய்வது?

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். பஞ்சர் ஆனால் இல்லை, ஆகும். சீமைக்கருவேல முள் காய்ந்தால் ஆணி மாதிரி. டயரைத் துளைத்து உள்ளே போய் நுனி ஒடிந்து அங்கேயே நின்றுவிடும். நீங்கள் டியூபில் ஒட்டுப் போட்டு மாட்டி ஒரு கிலோமீட்டர் போனதும் அதே முள் அதே இடத்தில் மறுபடி குத்தும். அதனால் டியூபை ஒட்டுமுன் டயரின் உட்பக்கத்தைப் பழைய துணியால் சுற்றிலும் தடவுங்கள். எங்கே நூல் இழுக்கிறதோ அங்கே முள். வெறும் விரலை விடாதீர்கள்.

இன்னொன்று வால்வு. சாதா சைக்கிளுக்கு வால்டியூப் (வால்வில் மாட்டும் சின்ன ரப்பர் குழாய்) எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். பைக்கில் இருப்பது மாதிரியான தடி வால்வு என்றாலும் கவலையில்லை, எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். விலை உயர்ந்த சைக்கிளில் ஒல்லியாக, தலையில் திருகு வைத்து வரும் பிரெஸ்டா வால்வு இருக்கிறதே, அதைப் பார்த்ததும் கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். அதற்குப் பித்தளையில் சின்னதாக ஒரு அடாப்டர் வரும், சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளுங்கள். டயர் ஒன்றரை இஞ்ச் அகலமாவது இருக்கட்டும், சரளையில் மெல்லிய டயர் வழுக்கும்.

கேள்வி (தஞ்சாவூர்): பெண். தனியாக வரலாமா? ஊரில் வேடிக்கை பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். ஆனால் பெண் சைக்கிள் ஓட்டுகிறாள் என்பதற்காகப் பார்க்க மாட்டார்கள். நீங்கள் வருவது புதுக்கோட்டைக்கு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கியவர்கள், அப்புறம் அதுவே நல்லது என்றார்கள். காரணம், குறுக்கு பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். (கோயம்புத்தூர்த் தம்பி, அந்த வண்டிகளிலும் கியர் இல்லை.) டீக்கடையில் ஐம்பது வயது தாண்டிய அக்கா யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தான் எப்படிக் கற்றுக்கொண்டார் என்ற கதை வரும், டீ ஆறிவிடும்.

பாதுகாப்புக்கு: இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள். இது ஆண்களுக்கும்தான், இருட்டில் நாயும் தெரியாது, முள்ளும் தெரியாது.

கேள்வி (ஈரோடு): செட்டிநாட்டு வீடுகளுக்கு உள்ளே விடுவார்களா?

பெரும்பாலும் பூட்டியிருக்கும். சொந்தக்காரர்கள் வெளியூரில், கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) வந்து திறப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு காட்டும் வீடு ஆத்தங்குடியில் உண்டு. ஆனால் சைக்கிளில் வருகிறவருக்கு வெளியிலேயே நிறைய இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில் என்று வீடு நீளும். காரில் போகிறவருக்கு அது வெறும் சுவர். நீங்கள் அதே சுவரை ஒட்டி மிதித்துப் போனால்தான் எவ்வளவு நீளம் என்று காலுக்குத் தெரியும்.

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைக்குக் கட்டாயம் போங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கரண்டியால் வண்ண சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் பூ நிற்கும். அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு மூடி, காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியைப் பிரித்தால் முகம் பளபளவென்று இருக்கும், பாலிஷ் எதுவும் போடாமலே. நான்கு கல் வாங்கிக் கேரியரில் கட்டலாம் என்று நினைக்காதீர்கள், கனம்.

கேள்வி (வேலூர்): எந்த சீசன் பெஸ்ட்?

சென்னைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): தங்க, சாப்பிட?

லாட்ஜ் புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும். கானாடுகாத்தானில் பழைய வீடுகளையே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், அருமையாக இருக்கும், பர்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, போன இடத்தில் கிடைப்பது. சாயங்காலம் வெள்ளைப்பணியாரம் கண்ணில் பட்டால் நிறுத்துங்கள்.

கேள்வி (ஓசூர்): கியர் சைக்கிள் அவசியமா?

மேலே ஒரு யுத்தமே நடந்திருக்கிறது. படியுங்கள்.

கேள்வி (திருப்பூர்): மரத்தடியில் கூடாரம் போடலாமா?

எந்த மரத்தடி? முள் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேனே.

கேள்வி (சென்னை): திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றலாமா?

ஏற்றலாம். உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பார்சல் ஆபீஸில் பதிய வேண்டும், அதே ரயிலின் லக்கேஜ் வேனில் வரும். புதுக்கோட்டையில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதனால் காரைக்குடியிலேயே ஏற்றுங்கள். சென்னை போகும் பல்லவன் எக்ஸ்பிரஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அது விடியற்காலை வண்டி, எனவே முந்தைய நாள் மாலையே போய்ப் பேசிவிடுங்கள். பெயர், போன் நம்பர், சேரும் ஊர் எழுதிய அட்டையை ஹேண்டில்பாரில் ஒன்று, சீட்டுக்கடியில் ஒன்று கட்டுங்கள். பம்பு, பாட்டில், லைட் எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூரில் இறங்கியதும் நேரே வேன் பக்கம் போய் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள், டீயெல்லாம் அப்புறம்.