லண்டனில் மளிகைக்கு ஆல்டி, லிடில் என்ற மலிவு விலை சூப்பர் மார்க்கெட்டுகளுக்குப் போனால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

மிச்சமாகும். பால், முட்டை, பாஸ்தா, காய்கறி என்று வழக்கமாக வாங்குபவற்றுக்கு டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் போன்ற பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளைவிட பில் குறைவாகத்தான் வரும். தரம் மட்டமோ என்று பயப்பட வேண்டாம்; விலை குறைவதற்குக் காரணம் வேறு. ஒரு ஆல்டியில் சுமார் 2,000 பொருள்கள்தான். பெரிய டெஸ்கோவில் அதைப்போல் பல மடங்கு. கெட்சப் என்றால் ஒன்றிரண்டு வகை மட்டும், அதுவும் பெரும்பாலும் சொந்த பிராண்டு. அதையே கடைக்காரர்கள் மொத்தமாக வாங்குவதால் விலை இறங்குகிறது. அட்டைப்பெட்டியோடு அப்படியே ஷெல்ஃபில் வைப்பதால் ஆள் செலவும் குறைவு.

ஆனால் 2020 முதல் டெஸ்கோவும் பல பொருள்களை ஆல்டி விலைக்கே தருகிறது. பக்கத்தில் டெஸ்கோ இருந்தால் ஆல்டிக்காக பஸ் ஏறத் தேவையில்லை. விலைச்சீட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் கிலோ விலையை மட்டும் கட்டாயம் பாருங்கள். அப்புறம், கறிவேப்பிலை, பருப்புக்கு நம்ம தமிழ்க் கடைதான் சரி.