கல் பதிக்கும்போது நிதானம், கணக்குப் பார்க்கும்போது படபடப்பு: இதயத்தில் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 46. வடசேரியில் கோயில் நகைப் பட்டறை ஒன்றில் கெம்புக் கல் பதிக்கிறேன். மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் நாடித்துடிப்பையும் காட்டுகிறது. கல் பதிக்கும்போது 66, 68 என்று இருக்கும் துடிப்பு, மாலையில் உட்கார்ந்து வரவு செலவையும் கடன் தவணையையும் கணக்குப் பார்க்கும்போது 104 வரை ஏறுகிறது. அடிக்கடி பெருமூச்சு வருகிறது. சில நாள்களில் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போகின்றன. ஈசிஜி சரியாக இருக்கிறது என்றார்கள். நடந்தால், படியேறினால் ஒன்றும் தெரிவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் ஏன் ஓடுகிறது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் இதயம் செய்ய வேண்டியதைத்தான் செய்துகொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது. ஆனாலும் இரண்டொரு பரிசோதனைகள் தேவை. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு என்ற சிறு திசு இருக்கிறது. நரம்புகளின் கட்டுப்பாடு இல்லாமல் தன் போக்கில் விட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் நமக்கு 70 என்று இருப்பதற்குக் காரணம், மூளையின் அடிப்பகுதியிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பு அதை எந்நேரமும் பிரேக் போலப் பிடித்துவைத்திருப்பதுதான். 1921-இல் ஆட்டோ லோவி என்ற அறிவியலாளர் ஒரு தவளையின் இதயத்தில் இந்த நரம்பைத் தூண்டிவிட்டு, அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் இட்டார். இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்பது அப்படித் தெரியவந்தது.

தவணைத் தேதி நினைவுக்கு வந்ததும் முதலில் தளர்வது இந்தப் பிடிதான். ஓரிரு துடிப்புகளுக்குள்ளேயே தளர்ந்துவிடும். அதன் பிறகு அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் அட்ரினலின் இரத்தத்தில் கலந்து, துடிப்பை இன்னும் மேலே தள்ளுகிறது. அது அடங்கச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், நோட்டை மூடிவைத்த பிறகும் படபடப்பு உடனே தணிவதில்லை.

இரண்டு வேலைகளுமே கவனம் கேட்பவைதானே, ஒன்றில் மட்டும் ஏன் ஏறுகிறது என்ற கேள்வி உங்களுக்கு எழும். கண்ணும் காதும் வெளியே உள்ள ஒன்றைக் கூர்ந்து பற்றி அடுத்த கணத்துக்காகக் காத்திருக்கும்போது இதயம் சற்றே மெதுவாகிறது; மனத்துக்குள்ளேயே கூட்டிக் கழித்துக் குழம்பும்போது வேகமெடுக்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் லேசி, பியாட்ரிஸ் லேசி தம்பதியர் இந்த வேறுபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் வகுக்கப்பட்டு இன்றும் பயன்படும் மன அழுத்தச் சோதனையில், கேட்பவர்கள் முன்னால் 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நின்ற இடத்தை விட்டு அசையாமலேயே பலருக்குத் துடிப்பு நன்றாக ஏறிவிடும். உங்கள் கணக்கு நோட்டு அந்தச் சோதனையைவிடக் கடுமையானது, ஏனென்றால் அதில் உள்ள கடன் உண்மையான கடன். கல் பதிப்பதோ பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய வேலை. அதில் மனத்துக்குச் சுமை குறைவு.

மூச்சின் கதை வேறு. வடசேரிப் பட்டறை ஒன்றில் அரை மணி நேரம் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சாமணத்தில் கல்லை எடுத்து, அரக்கு நிரப்பிய குழியில் இறக்கி, ஓரத்தை அணைத்து முடிக்கும் வரை அந்தக் கலைஞர் மூச்சே விடவில்லை. கல் உட்கார்ந்ததும் தோள்கள் தாழ்ந்தன, நீளமாக ஒரு மூச்சு வெளியேறியது. அடுத்த கல்லுக்கு மறுபடியும் அதே. மார்பின் அசைவு கையை அசைத்துவிடக் கூடாது என்று உடல் தானாகக் கற்றுக்கொண்ட பழக்கம் இது. இப்படி நிறுத்தியும் மேலோட்டமாகவும் மூச்சு விடும்போது நுரையீரலின் நுண்ணறைகளில் சில சுருங்கிப்போகும். அவற்றை மறுபடி விரியவைப்பதுதான் பெருமூச்சின் வேலை. நலமாக இருப்பவர்களும் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை போலத் தம்மை அறியாமலே பெருமூச்சு விடுகிறார்கள்.

மரத்துப்போவது கவலையில் வரும் மிகைமூச்சால் இருக்கலாம். ஊதுகுழலில் இடைவிடாமல் ஊதினால் தலை கிறுகிறுப்பதை நீங்கள் அறிவீர்கள். அதே காரணம்தான் இங்கும். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கும். இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் கால்சியமும் குறைவதால் உதடும் விரல்களும் மரக்கும். இதற்காக முகத்தில் காகிதப் பையை வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய முறை ஆபத்தானது, அதைச் செய்யாதீர்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. கை அசையும்போது கடிகாரம் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணி, 10 நாள்கள் எழுதிவையுங்கள். அந்த எண் தொடர்ந்து 100-க்கு மேல் இருந்தால் காரணம் மனத்தில் மட்டும் இல்லை. தைராய்டையும் இரத்தசோகையையும் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உங்கள் வயதில் எப்படியும் பார்க்க வேண்டியவை. இரண்டில் ஒன்று இருந்தாலோ, புகைப்பழக்கம் இருந்தாலோ, ஓய்வில் எடுத்த ஈசிஜியோடு நிறுத்தாமல் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்த்துக் கொட்டுதல், மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் இது கவலைதான் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

கணக்குப் பார்க்கும் முன் 5 நிமிடங்கள், மூக்கு வழியாக 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடுங்கள்; ஆழமாக இழுக்க வேண்டாம், மெதுவாக விட்டால் போதும். அப்போது நாடியில் விரல் வைத்திருந்தால், இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும் விடும்போது தணிவதையும் நீங்களே உணர முடியும். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி இறுகுவதுதான் அது. மாலைத் தேநீரைக் கணக்கு முடிந்த பிறகு குடியுங்கள். பட்டறையில், ஒவ்வொரு கல்லையும் மூச்சை மெல்ல விட்டபடியே இறக்கிப் பாருங்கள். முதல் சில நாள்கள் கை தயங்கும் என்பதால், விலை குறைந்த கற்களில் தொடங்குவது நல்லது.